வரிக் கடைசியில் ஒரு கோடு

என் பையில் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. கொழும்பு, புத்தளம், மறுபடி கொழும்பு என்று வேலை மாறி அலைந்ததில் எத்தனையோ தொலைந்தன, இது தொலையவில்லை. என் கையெழுத்தில் அக்காவின் கணக்கு. ஒரு வரியின் கடைசியில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

அக்கா தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒட்டி வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய், பௌதிகத்தில் ஆய்வு செய்தவள். துகள்களுக்குத் தற்சுழற்சி என்று ஓர் எண் உண்டாம். ஒளிக்கு ஒன்று, ஈர்ப்புக்கு இரண்டு. அதற்கு மேற்பட்ட எண் கொண்டவை தனியாக இருக்கும்வரை சமன்பாட்டில் குறை வராது. ஒன்றையொன்று தாக்க விட்டால் முரண்பாடு வந்துவிடும். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் சொன்ன விளக்கம் இதுதான்: "நம்ம லயத்துல தனித்தனியா பாத்தா எல்லாரும் நல்லவங்கதான்டா. ஒரே பீலியில தண்ணி புடிக்க விட்டாதானே தெரியுது." மூன்று துகள்கள் சந்திக்கும் வரை கணக்கு ஒத்துவரும், நான்கில் உடையும். உடையாத வழி ஒன்றைத்தான் அவள் தேடினாள். ஆய்வை முடிக்க ஆறு மாதம் மிஞ்சியிருந்தது.

விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது கூரைத் தகரம் ஒழுகித் தாள்கள் நனைந்தன. அடுப்படியில் காயவைத்து, மை முழுதும் கலையுமுன் நான் பிரதியெடுத்தேன். நோர்வூட்டில் பெயர்ப்பலகை எழுதுபவரிடம் வேலை பார்த்ததால் என் எழுத்து அழகாக இருக்கும். வரிக் கடைசியில் தொங்கும் கோடு பலகைக்கு அசிங்கம் என்று துடைத்துப் பழகிய கை. ஒரு வரியின் கடைசியில் இருந்த கழித்தல் குறியை விட்டுவிட்டது.

அந்தப் பிரதியை வைத்துத்தான் அவள் மேற்கொண்டு கணக்குப் போட்டாள். நான்கு துகள் சந்திக்கும் இடத்திலும் கணக்கு உடையாமல் நின்றது. "தம்பி, ஒடையலடா!" என்று போனில் கத்தினாள். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். நான்கு மாதம் கழித்துப் பேராசிரியர் அந்த வரியைக் கண்டுபிடித்து வட்டம் போட்டார். விட்டுப்போன கழித்தல் கோட்டைச் சேர்த்ததும் எல்லாம் உடைந்தது. அந்த நான்கு மாதத்தில் அவள் வேறு வழி தேடியிருக்கலாம். மீதி இரண்டு மாதம் எதற்கும் போதவில்லை; பட்டமில்லாமல் திரும்பியவள் ஒதுக்கிய தாள்களில் இதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. "நீ விட்டதுனாலதான் நாலு மாசமாச்சும் நின்னுச்சு" என்றாள். திட்டியிருக்கலாம்.

இப்போது ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். போன வாரம் போய்த் தாளை நீட்டினேன். "இன்னுமா வச்சிருக்க, பைத்தியம்? சாப்டியா?" என்றாள். வாங்கவில்லை. யாருடைய அடையாள அட்டையையோ கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த வட்டத்துக்குள் கோட்டைப் போடப் பேனாவைத் திறந்தேன். போடவில்லை. போடாவிட்டாலும் அது உடைந்ததுதான்.