கேட்காமல் சொன்னது

யுத்த காலத்தில் பூந்தமல்லியில் ஒரு மாதர் சங்கத்தில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வரவேண்டும். இரண்டு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது முதல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதையே ஒரு சாக்காக நான் வெகுநாள் வைத்திருந்தேன்.

திருமழிசைக்கு அப்பால் கூலிக்காரர்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகள். புருஷன் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் இடத்தில் மண் சுமந்தான். ஒரு காலையில் கடைசிக் குழந்தையின் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்க ஊட்டுக்காரரு முதுவுல வெளுப்பா ஒரு படை கீது. கிள்னாலும் தெரியலன்றாரு. இன்னாவா இருக்கும்?"

குஷ்டம் என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

"யாராண்டயும் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா கெணத்தாண்டகூட உடமாட்டாங்க."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

சங்கத் தலைவி ஒரு கடிதம் கொடுத்தால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாளே அவரிடம் போய் ஆள், தெரு, வேலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவருடைய கணவர்தான் ஆவடி வேலைக்கு ஆள் எடுத்த காண்டிராக்டர். அது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கடிதம் வருவதற்கு முன்பே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கூட மண் சுமந்தவர்கள் காரணத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் அவளுடைய குடம் கிணற்றடியில் உடைந்தது.

அவனை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆரம்ப நிலைதான், பிறருக்கு ஒட்டாது, வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைத் தலைவியிடம் நீட்டினேன்.

"டாக்டர் எழுதுவார். கூட நிக்கிறவங்க பயப்படமாட்டாங்களா? நீ நல்லதுதான் செஞ்சே. இதோட விட்டுடு" என்றார்.

"சரிங்க" என்றேன். காண்டிராக்டரின் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் அங்கே போகவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம்தான். பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் போனபோது அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும்மா. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அந்தத் தலைவியம்மா ஊட்டு ஐயாகிட்டதான் அவரு வேல செய்றாருன்னு நானே சொல்லியிருப்பேனே."

மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த ஊருக்குப் போகிறாய் என்றுதான் கேட்டேன். அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நடங்கடா" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அவள் புருஷன் கொஞ்ச தூரம் முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றிருந்தான்.

அந்த வருஷத்துச் சங்க அறிக்கையில், நோயாளி ஒருவருக்கு ஆஸ்பத்திரி உதவி செய்ததாக ஒரு வரி வந்தது. அதை எழுதியவள் நான்தான். அவன் மருந்துக்குத் தொடர்ந்து போனானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.