காரைக்காலிலிருந்து பேஸ்பாலுக்கு மார்க்

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியின் நிர்வாகம் எந்த ஆட்டக்காரரைக் கொடுத்தது, பதிலுக்கு யாரை வாங்கியது, அது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு மார்க் போடுவதுதான் என் பிழைப்பு. அந்த அணியின் ரசிகர்களுக்கென்று அங்கே நடக்கும் இணையதளத்துக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியிலிருக்கும் எங்கள் சின்ன அலுவலகம் எழுதிக் கொடுக்கிறது. வீட்டில் விளக்க முடியாமல் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

சுரக்குடியில் பெண் பார்த்தது

சம்பா நடவு முடிந்த கையோடு சுரக்குடிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விவசாயி, நிதானமான மனிதர். என்ன வேலை என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று முடித்திருக்கலாம். கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டாரே என்று, கேசரி ஆறுவதுகூடத் தெரியாமல் முழுதாக விளக்கினேன். மரியாதையாகக் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

"அந்த நிர்வாகத்துக்காரங்க நீங்க எழுதுறதப் படிப்பாங்களா?" என்றார். படிக்க மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அந்த இடம் அத்தோடு போயிற்று. அவர் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "கேக்காதவங்களுக்கு எதுக்குத் தம்பி மெனக்கெட்டுச் சொல்றீங்க?"

கதிரேசன் விசாரிக்கும் விதம்

அதற்குப் பிறகுதான் கதிரேசன் வேலைக்குச் சேர்ந்தான். கோட்டுச்சேரிக்காரன், என்னைவிடச் சின்னவன். மூன்றே மாதத்தில் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டான். இந்த ஜில்லாவிலேயே என்னோடு பேஸ்பால் பேசக்கூடிய ஒரே ஜீவன். அங்கே ராத்திரி ஆட்டம் நடக்கும்போது இங்கே காலையில் நாங்கள் இருவரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, நிர்வாகத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். பத்து வருஷமாக மனதுக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு முறை, நன்றாகப் பந்து வீசும் ஓர் இளைஞரை வேறோர் அணி எங்கள் அணிக்குச் சல்லிசாகத் தள்ளிவிட்டது. எல்லோரும் எங்கள் நிர்வாகத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். கதிர் மட்டும் பாஸ் மார்க் கூடப் போடவில்லை. சில வாரத்தில் அந்த இளைஞரின் தோள்பட்டை பழுது என்று வெளியே வந்தது. உனக்கு எப்படியடா தெரிந்தது என்று கேட்டேன். "வரதட்சணையே வேண்டாம்னு அவங்களா முந்திக்கிட்டுச் சொன்னா, அக்கம்பக்கத்துல விசாரிக்காம தட்டு மாத்துவமாண்ணே?" என்றான்.

ஏழாம் மாதம்

இப்படிச் சம்பந்தம் பேசுகிற மாதிரியே மார்க் போட்டதில் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டோம். ஓர் ஆட்டக்காரரை நிர்வாகம் நாட்டின் அந்தக் கோடிக்கு அனுப்பியது. அவர் மனைவிக்கு ஏழாம் மாதம் என்று செய்தியில் இருந்தது. 'மனைவி தாய் வீட்டில் இருப்பார், ஆகவே இவர் தனியாகப் புது ஊருக்குப் போவதில் சிரமமில்லை' என்று நான் எழுதினேன். கதிர் சரிபார்த்தான். இரண்டு பேருக்குமே அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

மறுநாள் ஒரே களேபரம். அவர்கள் பிரிந்துவிட்டார்களா, எப்போது, ஏன் என்று வாசகர்கள் குவிந்துவிட்டார்கள். சிலர் ஆட்டக்காரருக்கு ஆறுதலே சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து அந்த இணையதளத்தின் ஆசிரியை போனில் அழைத்தார். எங்கள் வழக்கத்தை நான் விளக்க விளக்க, கதிர் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் கேட்டார்: "பிள்ளை பெறுவதற்கு ஒருத்தி எதற்காகப் புருஷனை விட்டுவிட்டுப் போகவேண்டும்?"

நிஜாம் பாயின் கேள்வி

எங்கள் முதலாளி நிஜாம் பாய் ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டார். "சென்னையில கிரிக்கெட்டுக்குத் தனியா ஆபீஸ் போடுறோம். கதிர அனுப்பலாமான்னு பாக்குறேன். நீங்க வேணாம்னா விட்டுடுறேன். மார்க் போடுற ஆளு நீங்கதானே?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கதிர் விசாரிப்பது போலவே நானும் அவன் வீட்டு நிலவரத்தை விசாரித்துப் பார்த்தேன். அவன் மனைவி சென்னையில் டீச்சர். குழந்தையும் அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவான், திங்கட்கிழமை காலையில் கசங்கிய சட்டையோடு நேராக ஆபீசுக்கு வருவான். போன வாரம் குழந்தை அவனைப் பார்த்து அழுததாம், அடையாளம் தெரியாமல். இதற்கு மேல் என்ன விசாரிக்க இருக்கிறது? நூற்றுக்கு நூறு என்றேன்.

நிஜாம் பாய் உடனே தலையாட்டவில்லை. திருப்பிக் கேட்டார்: "சரி தம்பி, இங்க உங்களுக்கு யாரு?"

பதிலுக்கு ஓர் ஆள்

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் கொடுக்கும் அணி, பதிலுக்கு யார் என்று அன்றைக்கே முடிவாகாவிட்டால், 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடும். இதெல்லாம் தெரியாத நிஜாம் பாய், கதிரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என் தோளில் தட்டிச் சொன்னார்: "ஒருத்தரு வருவாரு, இன்ஷா அல்லாஹ். யாருன்னு அப்புறம் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். பேச்சுத்துணை இருந்து, அது போன பிறகு தனியாக இருப்பதுதான் பழக்கமாகவில்லை. ஒருநாள் காலை அணி நிர்வாகம் மகா மட்டமான ஓர் ஆள் மாற்றம் செய்தது. "பாத்தியாடா!" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கத்திவிட்டேன். வெட்கமாகப் போயிற்று. கதிருக்கே போன் போட்டேன். பின்னால் குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்: "பேஸ்பால் பாத்தே ரொம்ப நாளாச்சுண்ணே, யாரு எந்த டீமுன்னே இப்ப தெரியல."

கையிலிருந்த ஒரே ஆளையும் கொடுத்துவிட்டுப் பெயர் தெரியாத ஒருவருக்காகக் காத்திருக்கும் இந்தக் காரியத்தை அந்த அணியின் நிர்வாகம் செய்திருந்தால், நானே பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.