மைக்காரர் வாசித்த பக்கம்

ஊரில் யார் செத்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், முதலில் கேட்பது மைக்காரரின் குரல்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். சாவுச் செய்தியைக்கூட அவர் சொன்னால் நின்று கேட்கத் தோன்றும் என்பார்கள். அதைக் கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அந்தப் பகுதியின் வரலாற்றை எழுதி முடித்திருந்தார். புத்தகம் அடுத்த மாதம் வருகிறது. அந்தச் செய்தியைச் சொல்வதோடு, முக்குக்கு முக்கு நின்று ஒரு பகுதியை வாசித்தும் காட்ட மைக்காரரை அமர்த்தினார். தானும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

முதல் நாள் ஆற்றுப் பாலம் கட்டிய கதை. "எங்க தாத்தா அதுக்குக் கல்லு சுமந்தாரு" என்று ஆளாளுக்கு மார்தட்டினார்கள். மைக்காரருக்கே புத்தகத்தின்மேல் ஆசை வந்துவிட்டது.

மறுநாள் காலை பழைய மில் குடும்பங்கள் வசிக்கும் தெருவுக்குப் போனார்கள். பேராசிரியர் வேறொரு தாளை நீட்டினார்.

"முன்னாடியே படிச்சுப் பாக்காதீங்க. அப்படியே வாசிங்க, அப்பதான் உயிரோட இருக்கும்."

மைக்காரர் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தலைவர்கள் பஞ்சுக் கிடங்கில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோனவனே முதலாளியிடம் போய்ச் சொன்னான். நான்கு பேர் பிணமானார்கள். காட்டிக்கொடுத்தவன் மில் காவலாளி, இடது காது பாதி அறுந்தவன்..."

குரல் நின்றது. அது அவருடைய அப்பா. அந்த நால்வரைக் காப்பாற்றப் போய் அடிபட்டுச் செத்தார் என்று சொல்லித்தான் அக்கா இவரை வளர்த்திருந்தாள்.

பேராசிரியர் மைக்கைக் கையால் பொத்தினார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"சார், இது எங்கப்பா."

"தெரியும். அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன். நான் சொன்னா கதை விடுறான்னுவாங்க. மகன் வாயால வந்தா எவன் மறுப்பான்?"

பேச்சு காதில் விழுந்த ஒரு கிழவி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "படிடா. செத்த நாலு பேர்ல எங்க வீட்டுக்காரர் பேரு வருதான்னு கேக்கணும்."

வந்தது. மைக்காரர் கடைசி வரி வரை படித்தார். கிழவி கிட்டே வந்து அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு ரெண்டு காதும் முழுசாத்தான் இருக்கு."

தெருவே சிரித்தது.

வண்டியை நேராக அக்கா வீட்டுக்கு விட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமலா? பொணத்தக் கொண்டுவந்து போட்டவங்களே காறித் துப்பிட்டுச் சொன்னாங்க. உனக்குத் தெரிய வேணாம்னு இத்தன வருஷமா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ மைக்கு போட்டுச் சொல்லிட்டு வந்து நிக்கிற." கத்தியைக் கீழே வைத்தாள். "எம் மருமக அந்தத் தெருப் பொண்ணுடா. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இனிமே இந்தப் பக்கம் வராத."

கதவு சாத்திக்கொண்டது.

அதன்பிறகு சாவுக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. வண்டி வாசலில் நின்று தூசி படிந்தது.

வெளியீட்டு விழாவன்று தெருவில் வேறொரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து கேட்டது மைக்காரரின் குரல். பேராசிரியர் அன்று செல்போனில் பதிவு செய்திருந்தார். குரல் நின்ற இடத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தடுமாற்றமே தெரியவில்லை. அனுபவித்துப் படிப்பவனைப் போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன இருந்தாலும் உங்க குரல் குரல்தாங்க" என்றார்.