மேனேஜருக்கு ஒரு மாலை

நேற்று மகள் போனில் தன் சிநேகிதியிடம், "எங்க மேனேஜர் ப்ளூ எ ஃபியூஸ்டி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சீனியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நானும் சீனியும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கிளார்க்குகள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போவோம். மாடியில் கிளாஸ், கீழே பால்கோவா கிண்டுகிற வாசம். எச்சில் ஊறுகிற வாயில் இங்கிலீஷ் எங்கே ஏறும்? ஒருநாள் வாத்தியார் கோபத்துக்கான கொச்சைப் பேச்சாக அள்ளி விட்டார். 'ஹிட் த ரூஃப்' என்றால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பது. 'ப்ளோ எ ஃபியூஸ்' என்றாலும் அதேதான். புரட்டாசிச் சனி என்று சீனி அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஏதோ லோடு மாறிப்போனதில் மேனேஜர் சாமியாடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கோர்ட் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த சீனி, பூத்திலிருந்து போன் செய்தான். படித்ததை நான் காட்டிக்கொள்ள வேண்டாமா?

"மேனேஜர் ஹேஸ் ப்ளோன் எ ஃபியூஸ்லே!"

"ஃபியூஸ் போயிருச்சா? ஐயையோ, எப்பலே?"

"இப்பத்தான். வீட்டுக்குப் போயாச்சு."

நம் பேச்சில் ஒருவருக்கு ஃபியூஸ் போனால் ஆளே போய்விட்டார் என்று அர்த்தம். மடையன், நான் அதை யோசிக்கவில்லை. சீனி பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு, நேராக மேனேஜர் வீட்டு வாசலில் போய்க் கண்ணைத் துடைத்தபடி நின்றிருக்கிறான். கதவைத் திறந்தது மேனேஜர்.

மறுநாள் ஆபீஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. "எவன்யா ஒனக்குச் சொன்னது?" என்று கத்தினார். அப்போதுதான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்; வேலை போனால் அதுவும் போய்விடும். சீனி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் தப்பா நெனச்சுட்டேன்."

நான் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு அவன் வேலை போயிற்று.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேன். பாவி, திட்டவில்லை. "கிளாஸ விட்டுராதலே. ரெண்டு பேர்ல ஒருத்தனாச்சும் ஒழுங்காப் படிக்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் தன் ஊரான சேத்தூருக்குப் பஸ் ஏறினான்.

அந்தக் கிளாஸ் இப்போது இல்லை, மில்லும் இல்லை. சேத்தூரில் விசாரித்தால், குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள் என்கிறார்கள். 'நான்தான் சார் சொன்னேன்.' மூன்றே சொல், அதுவும் தமிழில். இன்றைக்குச் சொல்லலாம் என்றால், கேட்பதற்கு மேனேஜரும் இல்லை, அவனும் இல்லை.