படகில் இருந்தவரின் கையொப்பம்

கறுப்பு மட்டை போட்ட சிறிய பதிவேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கப் பழகியவர்கள், ஒவ்வொரு முறை ஏறி வந்த பிறகும் அதில் ஒரு பக்கம் எழுதவேண்டும். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எவ்வளவு காற்று மிஞ்சியது, என்ன கண்டோம் என்றெல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி. கூட இறங்கிய துணை அதற்குள் கையொப்பம் வைக்கவேண்டும்; இன்னார் உண்மையாகவே இறங்கினார் என்பதற்கு அதுதான் சாட்சி. என்னுடைய முதல் பக்கத்தில் இருப்பது அத்தானின் கையொப்பம். பெட்டிக்குள் அடங்காமல் மேலேறி, நான் எழுதிய 'ஆமை' என்ற சொல்லின் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அத்தான் கணுக்கால் அளவு தண்ணீரில்கூட இறங்கவில்லை. இறங்கவிடாமல் செய்தவன் நான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் லண்டனுக்கு வந்தபோது குட்மேய்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டின் சின்ன அறையில் ஆறு வருடம் இருந்தேன். அத்தான் அப்போது மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தெரியாத தெருவிலும் தெரிந்தவர் போல வண்டியைத் திருப்புவார். பிழையான வழியென்றால் அதையே குறுக்குவழி என்று பயணியை நம்பவைப்பார். நான் நேர் எதிர். செவன் கிங்ஸ் ஸ்டேஷன் வரை நடந்துபோய், குசினியில் காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பி ஓடி வருகிறவன். ஊரில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடம் அகதி முகாமானபோது சைக்கிள் கடையொன்றில் வேலைக்குப் போனேன். பிறகு பள்ளிக்கூடம் திறந்தும் நான் போகவில்லை. ஒழுங்காக எழுதத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் அன்றிலிருந்து எல்லாவற்றின் மேலும் பரவியிருக்கவேண்டும். லண்டன் பஸ் ஓட்டுகிற வேலை அந்தக் குணத்துக்குப் பொருந்திப்போனது. காலையில் வண்டியை எடுக்கமுன் சுற்றி வந்து டயர், லைட், கதவு, சக்கர நாற்காலிக்கான சரிவுப்பலகை எல்லாம் பார்க்கவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நான் இரண்டு சுற்று.

அத்தானுக்கு அறுபது வயதானபோது அந்தக் காரை விற்றுவிட்டு, கரீபியன் கடலில் ஒரு தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்யப்போகிறேன் என்றார். எங்கள் பஸ் டிப்போவில் வேலை செய்யும் ஒரு பெண் அந்தத் தீவுக்காரி. அவளுடைய தங்கை அங்கே ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறாள் என்று நான் எப்போதோ சொன்னதை அவர் பிடித்துவைத்திருந்தார். அக்கா கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, விசரே உங்களுக்கு? அறுபது வயசில ஆர் கடலுக்கை குதிக்கிறது?"

"எழுபதில குதிக்க ஏலாதெல்லோ. அதுதான் இப்ப."

"அப்ப தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவன் எண்டால் எல்லாத்துக்கும் பயப்பிடுவான்."

அக்கா என்னைப் பிரேக்காகத்தான் அனுப்பினார். அத்தானும் நானும் மாரிகாலம் முழுக்க இல்ஃபோர்ட் பக்கம் ஒரு நீச்சல்குளத்தில் சனிக்கிழமைகளில் பழகினோம். கடலில் இறங்குவது மட்டும் தீவில். முதல் வகுப்பிலேயே ஒரு சுகாதாரப் படிவம் தந்தார்கள். இதய வருத்தம், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மயக்கம், பதற்றம் என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஓம்' என்று அடையாளமிட்டாலும் டொக்டரிடம் கையொப்பம் வாங்கி வரவேண்டும். அக்கா வீட்டுக் குசினி மேசையில் இருந்து நிரப்பினோம். அத்தான் ஒரு நிமிடத்தில் முடித்தார். மேலிருந்து கீழ்வரை 'இல்லை'. நான் பாதியில் நின்றேன்.

"என்னடா யோசிக்கிறாய்?"

"பதட்டம் வாறதோ எண்டு கேட்டிருக்கு, அத்தான்."

"கேள்வியைப் பாத்தவுடனேயே உனக்கு வந்திட்டுது. இல்லை எண்டு போடு."

"பொய்யெல்லோ?"

"மச்சான், போர்மில எல்லாத்துக்கும் இல்லை. வாழ்க்கையில எல்லாத்துக்கும் ஓம். அப்பதான் உருப்படுவாய்."

அது அவர் மட்டும் கண்டுபிடித்த வழி அல்ல. இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து படிவங்களோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒரு 'ஓம்' பத்துக் கேள்விகளைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது அனுபவம். வருத்தத்தைச் சொன்னால் வேலை போகும், லைசென்ஸ் போகும், பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் யாராவது கேட்பார்கள். ஆகவே வருத்தத்தை வீட்டுக்குள்ளே வைத்திருப்பார்கள். சிலர் சட்டைப் பைக்குள்ளே. நான் 'ஓம்' என்றே போட்டேன். நேர்மையால் அல்ல, பொய் பிடிபடும் என்ற பயத்தால். டொக்டர் என் நெஞ்சைக் கேட்டார், லண்டன் தெருவில் இரட்டைத்தட்டு பஸ் ஓட்டும்போது பதற்றம் வருகிறதா என்று கேட்டார். இல்லை, இறங்கிய பிறகுதான் வரும் என்றேன். சிரித்துக்கொண்டு கையொப்பம் வைத்தார். வகுப்பின் முடிவில் ஒரு எழுத்துப் பரீட்சையும் இருந்தது. அத்தானைவிட எனக்கு ஐந்து புள்ளிகள் கூட. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனை பிடித்து எழுதி நான் சித்தியடைந்த முதல் பரீட்சை அது. அத்தான் அதை அக்காவிடம் சொல்லவேயில்லை, நான்தான் சொன்னேன்.

தீவில் இறங்கிய அன்று பின்னேரம். விடுதி ஒரு குன்றின்மேல் இருந்தது. படகுத்துறையிலிருந்து நீளமான கற்படிகள். பாதிப் படியில் அத்தான் நின்று, கடலைப் பார்க்கிறவர் போலத் திரும்பிக்கொண்டார். கை நெஞ்சில் இருந்தது. "வாய்வு. பிளேனில தந்த சாப்பாடு" என்றார். பிறகு எனக்குப் பாதி முதுகைக் காட்டி, பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நாக்குக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று அடித்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். டிப்போவில் ஒருவர் அதைத்தான் நெஞ்சுவலிக்கு வைத்திருந்தார்.

"எப்ப துவங்கினது, அத்தான்?"

"மாசியில. சின்ன ஒரு இறுக்கம். டெஸ்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஹொலிடேயை முடிச்சிட்டுப் போவம் எண்டு இருக்கிறன்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு இறங்கிறம். உன்ர அக்காவுக்கு மூச்சுக் காட்டாதை. ஒருநாளைக்கெண்டாலும் வாயை மூடிக்கொண்டு இரு."

என் சிக்கலை எப்படிச் சொல்வது? அடுப்பைப் பார்க்க நான் எத்தனையோ முறை திரும்பி ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது நிற்பாட்டியே இருந்தது. பயப்படுகிறவனுடைய எச்சரிக்கையை வீட்டில் யாரும் காதில் போடமாட்டார்கள். நாளடைவில் அவனுக்கே அதில் நம்பிக்கை போய்விடும். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். அவர் ஆசைப்பட்டு வந்த ஒன்றைக் கெடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க நேரலாம். ஆனால் விடிந்து படகில் ஏறும்போது ஒன்று தெளிவாகிவிட்டது. அடுப்பைப் பற்றிய பயம், நான் பார்க்காத ஒன்றைப் பற்றியது. இதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

தண்ணீரில் குதிக்கமுன் துணைவர்கள் ஒருவரையொருவர் சோதிக்கவேண்டும். எங்கள் பயிற்சியாளர், தீவைச் சேர்ந்த ஓர் இளம்பெண், கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அத்தானின் முன் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டேன். காற்றுச்சட்டை ஊதுகிறது. தண்ணீருக்குள் அமிழ்த்தும் ஈயக்கட்டிகள் இடுப்பில் இருக்கின்றன. வார்கள் பூட்டியிருக்கின்றன. சிலிண்டர் திறந்திருக்கிறது, மூச்செடுக்கச் சொன்னேன், காற்றுமானியின் முள் ஆடாமல் நின்றது; காற்று தடையில்லாமல் வருகிறது.

"எல்லாம் சரியோ, இன்ஸ்பெக்டர் ஐயா?"

"ஒண்டு சரியில்லை, அத்தான்."

அவருக்கு விளங்கிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் பயிற்சியாளரிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவருடைய பையில் நெஞ்சுவலிக்கு அடிக்கிற மருந்து இருக்கிறது என்றேன். அவள் சத்தம் போடவில்லை. உண்மையா என்று ஒரே ஒரு கேள்வி அத்தானிடம் கேட்டாள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்ட மனிதர் என் மணிக்கட்டை விட்டுவிட்டு, "யெஸ்" என்றார். அவள் அவருடைய முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றினாள்.

"ஆறு வருசம் என்ர வீட்டில சோறு போட்டனான். அதுக்கு இதுவோடா?"

"அதுக்காகத்தான், அத்தான்."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று தெரியாது. நீ இறங்குகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, "போ. ரெண்டு பேரும் காஞ்சபடி திரும்பினால் அந்தப் படகோட்டி சிரிப்பான்" என்றார்.

முதல் ஐந்து நிமிடம் ஒரு நாளைக்குரிய காற்றை இழுத்துத் தள்ளினேன். அதன் பிறகு நடந்ததை என்னால் சரியாக எழுத முடியாது. கீழே மூச்சை மட்டும் கவனித்தால் போதும். அடுப்பு, கதவு, நாளைய ஷிப்ட் எதற்கும் அங்கே இடமில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றுமானியைப் பார்க்கவேண்டும் என்பதை எனக்கு யாரும் நினைவூட்டத் தேவைப்படவில்லை. நான் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். பயிற்சியாளர் சரி என்று கைகாட்டினாள். என்னுடைய பழக்கத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்காமல் சரி என்று சொன்னது அதுதான் முதல்முறை. பவளப்பாறைக்குக் கீழே ஓர் ஆமை, டிப்போவில் இளைப்பாறுகிற பஸ் மாதிரிக் கிடந்தது. எங்களைக் கண்டு அவசரப்படாமல் எழும்பி, மேலே வெளிச்சத்தை நோக்கிப் போனது. அங்கே படகின் அடிப்பாகம் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள்தான் அத்தான் இருந்தார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் விடுதிக்காரியிடம் கேட்டார். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, நான் பதிவேட்டைத் திறந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னத்தைக் கண்டனி கீழ?"

சொன்னேன். ஆமை எழும்பிய விதத்தைக் கையால் காட்டினேன். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார்: அது எவ்வளவு பெரிசு, எங்கே பார்த்தது, கண்ணிமைத்ததா? சொல்லி முடித்ததும் பேனையைப் பறித்து, மேசை ஆடும்படி அழுத்திக் கையொப்பம் வைத்தார்.

"அத்தான், கூட இறங்கின ஆள்தான் வைக்கவேணும்."

"உன்னோட வந்தது நான். பொய்யெண்டால் உன்ர இன்ஸ்பெக்டர் வேலையைக் காட்டி எனக்கெதிரா ரிப்போர்ட் எழுது."

அந்தக் கிழமை பயிற்சியின் மீதி முறைகளும் இறங்கி, என் பெயர் பொறித்த டைவிங் சான்று அட்டையையும் வாங்கினேன். திரும்பி வந்ததும் நானே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தானுக்குச் செய்த சோதனையில், நெஞ்சுக் குழாய்கள் இரண்டில் அடைப்பு இருப்பது தெரிந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆழத்தில் இருபது நிமிடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்; அத்தான் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. பதிலாக, ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும், "இவன்தான் நடுக்கடலில என்னைக் காட்டிக்குடுத்தவன்" என்று என் தோளில் கைபோட்டு ஆட்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஒன்பது வருடத்தில், அவர் சொல்லச் சொல்ல, அந்த ஆமை எங்கள் வீட்டு ஹோல் அளவுக்கு வளர்ந்துவிட்டது. போன மாரியில் வேறொரு வருத்தத்தால் அவர் இறந்துபோனார். மரண வீட்டிலும் மூன்று பேர் அந்தக் கதையை எனக்கே சொன்னார்கள்.

இப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு குளிசை. அதே தீவுக்குத் திரும்பப் போகிறேன், அதே படிவம் திரும்ப வந்தது. அக்காவின் குசினி மேசையில் வைத்து, இரத்த அழுத்தம் என்ற வரியில் 'ஓம்' என்று போட்டேன். இந்த முறை பயத்தால் அல்ல. டொக்டர் ஓடும் இயந்திரத்தில் என்னை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பம் தந்தார். அவர் கேட்ட பத்துக் கேள்விகளுக்கும் இருந்து பதில் சொன்னேன்.

அக்காவும் வருகிறார். "தண்ணிக்கை இறங்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன். படகில இருந்து கையெழுத்து மட்டும் வைப்பன்" என்றார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை விரலால் தடவினார். அத்தான் அழுத்திய அழுத்தம் அங்கே மேடாக இருக்கிறது. பிறகு தாள்களைத் தள்ளிக்கொண்டு போய், வெறுமையாக இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"உந்தப் பெட்டிக்குள்ள அடங்கத்தான் வேணுமோடா?"

"இல்லை, அக்கா. வெளியில வந்தாலும் பரவாயில்லை."