பேத்தியின் எடை

பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த மருமகனிடம், உலகத்தில் எல்லாத் தாத்தாக்களும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். “குழந்தை எத்தனை கிலோ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். “நல்ல வெயிட்டுதான் மாமா. ஹெல்தி லா,” என்று சொல்லிவிட்டு மருமகன் காபி வாங்கக் கிளம்பினார். இவர்கள் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. ஆஸ்பத்திரியில் குழந்தையின் எடையைக் கிராமில் எழுதுவார்கள். கிராமில் எழுதினால் நான்கு இலக்கம் வரும். சிங்கப்பூரில் நான்கு இலக்கம் எங்கே கண்ணில் பட்டாலும் அதை லாட்டரிக் கடையில் கொண்டுபோய்க் கட்டாமல் விடமாட்டார்கள். விபத்தில் நசுங்கிய காரின் நம்பர், புது வீட்டின் நம்பர், செத்தவர் குடியிருந்த பிளாக்கின் நம்பரோடு அவர் வயதைச் சேர்த்து ஒன்று. எழவு வீட்டில் அழுதுகொண்டே சவ வண்டியின் நம்பரை மனப்பாடம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது என்ன, நானே செய்திருக்கிறேன். பிறந்த குழந்தையின் எடை என்றால் கேட்கவே வேண்டாம், அதைவிட ராசியான நம்பர் கிடையாது.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு வியாதி. விட்டேன், தொட்டேன், மறுபடி விட்டேன், மறுபடி தொட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். நான் அடுப்பிலேயே குடித்தனம் நடத்திய பூனை. கடைசியாகத் தொட்டது மகளின் திருமணப் பதிவு நாளில். மாலை வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனவன், லாட்டரிக் கடை வரிசையில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது கையெழுத்தெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள். சாட்சியாக நான் போட வேண்டிய கையெழுத்தை என் மச்சினன் போட்டிருந்தான். மகள் மாலையை வாங்கி நாற்காலியில் வைத்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு சீட்டுக்கூட வாங்கவில்லை. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சூதாட்டக்கூடத்துக்குள் என்னை விட வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கதவு இருக்கிறது, ஆள் இருக்கிறான், தடுப்பான். நான்கு நம்பர் கடைக்கு என்ன தடுப்பு? ஆங் மோ கியோவில் எங்கள் பிளாக்குக்குக் கீழே, காபிக்கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாரம் ஒருநாள் தேக்காவில் ஒரு மாடி அறையில், என்னைப் போன்றவர்கள் கூடி மனம்விட்டுப் பேசுவோம். பேசி முடித்துப் படியிறங்கினால் எதிரிலேயே லாட்டரிக் கடை, வாசல் தாண்டி வளைந்து நிற்கும் வரிசை. யாரைத் திட்டுவது?

ஆஸ்பத்திரியில் அன்று அவர்கள் நடத்திய கூத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அறை எண்ணை நான் பார்த்துவிடக்கூடாது என்று என் மனைவி கதவுக்கு முன்னால் அகலமாக நின்றுகொண்டாள். தொட்டிலில் மாட்டியிருந்த அட்டையின் பாதியை வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தார்கள். அம்மா பெயர் தெரிந்தது, மற்றது எதுவும் தெரியவில்லை. நான் பேத்தியைப் பார்க்க வந்தேனா, பரீட்சையில் காப்பியடிக்க வந்தேனா?

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். “நான் என்ன திருடனா?”

“திருடனா இருந்தா ஒரு தடவ ஜெயிலுக்குப் போயிட்டுத் திருந்தியிருப்பீங்க,” என்றாள் மனைவி. அவள் கிளினிக்கில் வேலை பார்ப்பவள், ஊசி போடுகிற மாதிரிதான் பேசுவாள். “கோவப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நாள்தான். அவ உங்களப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கா.”

என்ன யோசனை என்று எனக்குத் தெரியும். பிரசவ விடுப்பு முடிந்ததும் மகள் வேலைக்குப் போக வேண்டும். மனைவி சாயங்காலம்தான் வருவாள். துவாஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். குழந்தையைப் பகலில் என்னிடம் விடுவதா, காப்பகத்தில் சேர்ப்பதா என்பதுதான் அவள் யோசனை. எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். பால் கரைக்கவும் துணி மாற்றவும் ரகசியமாகக் காணொளி பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எந்த முதல் பரிசுக்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாண வழியினர். ஒரு மாதம் முடிந்ததும் துடக்கு என்கிற பிரசவத் தீட்டைக் கழித்து, காத்தோங் கோயிலுக்குக் குழந்தையைக் கொண்டுபோக ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம் பூச்சரத்துக்கும் வெற்றிலைக்கும் சொல்லிவைக்கத் தேக்காவுக்குப் போனேன். லாட்டரிக் கடை வரிசையிலிருந்து, “அத்தான்!” என்று ஒரு குரல். என் மச்சினன்.

இவன் வாராவாரம் வாங்குகிறவன். பரிசு விழுந்தால் குடும்பத்துக்கே பிரியாணி போடுவான், எல்லோரும் கைதட்டிச் சாப்பிடுவார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்கிற கதைதான்.

“பேத்தி வெயிட்ட எடுக்கிறேன் அத்தான். மூணு ஒண்ணு எட்டு ஆறு. சூப்பர் நம்பர் லா! உங்களுக்கும் ஒண்ணு எடுக்கவா?” என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஐயோ, சாரி அத்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

நான் பூக்கடைக்கு நடந்தேன். பூக்கடைக்காரர் என்ன பூ என்று கேட்டதற்கு, “எட்டு ஆறு” என்று சொல்ல வந்து விழுங்கினேன். ஒரு மாதமாக என் குடும்பமே சேர்ந்து மறைத்ததை இந்த ஓட்டைவாயன் நடுத்தெருவில் கூவிவிட்டான். அன்றிலிருந்து அந்த நம்பர் என்னைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. புரட்டிப் போட்டுப் பார்த்தேன், திருப்பி வாசித்துப் பார்த்தேன். பேருந்தின் பின்புறத்தில் எண்பத்தாறைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு முறை கீழே இறங்கி, கடை வாசல் வரை போய், காபிக்கடையில் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு மேலே ஏறினேன். வாசல் வரை போனது உண்மை. வாங்கவில்லை என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை குலுக்கலில் அந்த நம்பர் வரவில்லை என்று தெரிந்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெயித்தவன்கூட அப்படி அழுதிருக்கமாட்டான்.

கோயில் முடிந்து எல்லோரும் மகள் வீட்டில் சாப்பிட்டுக் கலைந்தார்கள். மனைவி அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மகள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். யாரும் பக்கத்தில் காவலுக்கு நிற்காமல் நான் பேத்தியை வைத்திருந்தது அதுவே முதல்முறை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. வாயை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “உங்க மாமா என்கிட்ட பாப்பா வெயிட்டச் சொல்லிட்டான்மா. போன வாரமே. ஆனா நான் வாங்கல.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “நிஜமாவாப்பா?”

“சத்தியமா வாங்கல. கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்.”

அவள் கண் கலங்கியது. என் தோளில் கை வைத்தாள். திருமணப் பதிவு நாளுக்குப் பிறகு அவள் என்னைத் தொடவே இல்லை. “ஐயம் சோ ப்ரௌட், அப்பா. அம்மாகிட்ட நேத்துகூடச் சொன்னேன். லீவு முடிஞ்சதும் பாப்பாவ உங்ககிட்டயே…” என்று ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆனா பாவம் மாமா. அவர் சும்மா நச்சரிச்சுக்கிட்டே இருந்தார். அவர்கிட்ட சொன்னா உங்க காதுக்கு வந்துரும்னு தெரியும். அதான் வாய்க்கு வந்த ஒரு நம்பரச் சொல்லி அனுப்பிட்டோம். அது பாப்பா வெயிட்டே இல்லப்பா!”

நானும் சிரித்தேன். நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை நாள் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு பேருந்தில் போய்வந்திருக்கிறேன் என்று நினைக்கையில் வேடிக்கையாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

“அப்ப சரியான நம்பர் எது?”

எடை எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். பாப்பா நிஜமாக எவ்வளவு இருந்தாள் என்று கேட்டிருக்கலாம். நான் நம்பர் எது என்று கேட்டேன். கேட்டது என் காதிலும் விழுந்தது. அதைத் திரும்ப விழுங்கத்தான் வழியில்லை.

மகள் சிரிப்பை நிறுத்தினாள். என் தோளிலிருந்த கையை எடுத்தாள். குனிந்து, குழந்தையின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, என் மடியிலிருந்து பதமாகத் தூக்கிக்கொண்டாள்.

“பாப்பாவுக்குப் பசிக்கும்பா,” என்றாள்.

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.