கதவுக்குப் பின்னால்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். லாரி ஓட்டுகிறவர் வேறு, தூக்கி இறக்குகிறவர்கள் வேறு. சாமான்களைப் பெட்டியில் கட்டுவது மட்டும்தான் இவர் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் செய்கிறார். அவர் காகிதம் சுற்றிய கண்ணாடி டம்ளரை மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்று கம்பெனியில் சொல்வார்கள். யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கோட்டு தொங்கியதை அவர் கவனிக்கவில்லை. திறந்து கிடக்கிற கதவுக்குப் பின்னால் இருப்பது யார் கண்ணில் படும்? ஆனால் வீட்டுக்காரர் முதலாளியிடம் குதித்த குதியில், காணாமல் போனது கோட்டா கோட்டையா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து பெட்டிக்காரர் எந்த அறையை முடித்தாலும் கதவைச் சாத்திப் பின்பக்கத்தைப் பார்ப்பார். ஆணி இருந்தால் பிடுங்குவார். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே துணியால் துடைப்பார். பிறகு வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, வெறும் அறையைக் கையால் காட்டி, "பாத்துக்கோங்க, ஒண்ணும் விடல" என்பார். கட்டின வீட்டுக்குப் பழுது சொல்கிறவர்கள் எங்கும் உண்டு. இவர் காலி செய்த வீட்டுக்குப் பழுது சொன்னவர்கள் அதற்குப் பிறகு கிடையாது.

இவருடைய ஒரே மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். படிக்க ஆசைதான், போகத்தான் பயம். வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத பெண். முரண்டு பிடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் அம்மாவிடம் பேரத்துக்கு வந்தாள்.

"பிடிக்கலன்னா திரும்பி வந்துடுவேன். ஏன் வந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது."

"வாடி. உன் ரூம் எங்க ஓடிப் போகுது? அப்படியே இருக்கும்" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மகள் சரி என்றாள். பெட்டிக்காரரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தலையாட்டவும் செய்தார். காதில் வாங்காமல் தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் லீவு போட்டார். மகள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறவள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவ துணிமணிய சூட்கேஸ்ல அடுக்கி வச்சிடுங்க. உங்க வேலைதானே, நான் வேற சொல்லணுமா?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனதுதான் வினையாகிவிட்டது.

சூட்கேஸ் சீக்கிரமே நிறைந்துவிட்டது. மேஜை விளக்கு கண்ணில் பட்டது. பிள்ளை இருட்டிலா படிப்பாள்? அதற்குப் பரண் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். விளக்கை வைத்ததும் பெட்டியில் இடம் மிச்சமிருந்தது. பெட்டியில் இடம் மிச்சம் வைப்பது அவரைப் பொறுத்தவரை பாவம், சுவர்க் கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். அதற்கப்புறம் கை புத்தியைக் கேட்கவில்லை. கனமான புத்தகங்கள் சின்னப் பெட்டியில் போயின, தலையணையும் போர்வையும் பெரிய பெட்டியில் போயின. திரைச்சீலை கழன்றது. கண்ணாடி கம்பளிக்குள் போனது. கட்டிலைக்கூடக் கழற்றி, போல்ட்டுகளைத் துணியில் முடிந்து கட்டில் காலோடு டேப் போட்டு ஒட்டினார். ஹாஸ்டலில் கட்டில் இருக்காதா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அவர் மனசையும் சொல்லிவிட வேண்டும். என் பெண் முன்பின் தெரியாத இடத்தில் எவளிடமும் போய், அதைக் கொடு இதைக் கொடு என்று நிற்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும் இதையேதான் நினைத்தார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை, யோசனையில்தான் கோளாறு.

சுவர் ஆணிகளையெல்லாம் பிடுங்கி ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிட்டு, கடைசியாகக் கதவைச் சாத்தினார். பின்னால் அவளுடைய பழைய நீல ஸ்வெட்டர். மடித்து வைத்தார். ஆணியைப் பிடுங்கினார், பட்டி வைத்தார், துடைத்தார். பிறகு டீ போட்டுக் குடித்தார்.

சாயங்காலம் மகள் வந்ததும் அவளை அறை வாசலில் நிறுத்தினார். "பாத்துக்கோம்மா, ஒண்ணும் விடல."

அவள் பார்த்தாள். உள்ளே போய் நடுவில் நின்றாள்.

"யாராவது வாடகைக்கு வராங்களாப்பா?" வெறும் அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"இல்லையே. ஏன் கேக்கற?"

"நான் திரும்பி வந்தா எங்க படுப்பேன்?"

மகள் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நான் போகல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

வேலை முடிந்து வந்த மனைவி கூடத்தை அடைத்துக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள்.

"பிள்ளையார் பிடிக்கச் சொன்னா குரங்கப் பிடிச்சு வச்சிருக்கீங்க. அவ ஹாஸ்டலுக்குப் போறா. வீட்ட காலி பண்ணிட்டுப் போகல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலம் அவர் கட்டிய பெட்டிகளில் ஒன்றாவது எடுத்த இடத்துக்கே திரும்பியது உண்டா? கிடையாது. அவர் காலி செய்த வீட்டுக்கு யாரும் மறுபடி வந்ததும் கிடையாது. சொந்தப் பெண்ணையும் அந்தக் கணக்கில் அல்லவா சேர்த்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தப்புதான்மா. எனக்கு இப்படித்தான் கட்டத் தெரியும்" என்றார்.

டேப்பைக் கிழித்துப் பெட்டிகளைத் திறந்தார். அதிலும் ஒரு சங்கடம். பெட்டியைப் பிரிப்பது அவர் வேலையே இல்லை, போய்ச் சேர்கிற ஊரில் வேறு ஆட்கள் பிரிப்பார்கள். கடிகாரத்தைக் கையில் எடுத்தால் என்ன எடை என்று தெரிந்தது, எந்தச் சுவரில் இருந்தது என்று தெரியவில்லை. பட்டி வைத்த ஓட்டைகளைத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஏதோ ஒரு சுவரில் ஆணி அடித்து மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"அங்க இல்லப்பா. ஜன்னலுக்கு எதிர்ல."

கழற்றி எதிரில் மாட்டினார். விளக்கை மேஜைக்கு வலப்பக்கம் வைத்தார். "இடது பக்கம்" என்றாள். கண்ணாடியை உயரத்தில் மாட்டினார். "நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா?" என்று எழுந்து வந்து தானே பிடித்துக் காட்டினாள். திரைச்சீலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோது மனைவி சிரித்துவிட்டாள். கட்டிலை மூன்று பேரும் சேர்ந்து பூட்டினார்கள். சோறு வேகிற நேரத்துக்கு அறை அறையாகிவிட்டது, சுவரில் மட்டும் ஓட்டைகள் கூடியிருந்தன.

மகள் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். புரண்டு படுத்தாள்.

"காலைல லாரி எப்பப்பா வரும்?" என்றாள்.

பெட்டிக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கம்பெனி லாரி அந்த ஊர்ப் பக்கமாக ஒரு லோடு ஏற்றப் போவதால், மகளைக் கொண்டுபோய் விட டிரைவரிடம் அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். காலையில் டிரைவர் வந்து வாசலில் இருந்த ஒற்றை சூட்கேஸையும் ஒரு பையையும் பார்த்தார்.

"இதுக்கா லாரி கேட்ட? கயிறெல்லாம் கொண்டு வந்தேனே."

"கயித்த வச்சு உன் வாயக் கட்டிக்கோ" என்று பெட்டிக்காரர் சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மனைவியும் மகளும் ஏறிக்கொண்டார்கள். வீட்டைப் பூட்டுவதற்கு முன் பெட்டிக்காரர் மகளின் அறைக்குள் போனார். பழக்கம், கால் தானாகப் போகிறது. கதவைச் சாத்திப் பின்னால் பார்த்தார். நேற்று மகள் காட்டிய இடத்தில் புதிதாக அடித்த ஆணியில் நீல ஸ்வெட்டர். எடுக்கக் கையை நீட்டினார். ஒரு முறை தடவிப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பூட்டினார்.

தெரு முனை திரும்பும்போது மகள் கேட்டாள். "எல்லாம் எடுத்தாச்சாப்பா? ஒண்ணும் விடலையே?"

"விட்டிருக்கேன்" என்றார்.

டிரைவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். இந்த மனிதன் வாயில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

"உன் ஸ்வெட்டர்மா. கதவுக்குப் பின்னால தொங்குது."

"வண்டியத் திருப்பட்டுமா?" என்று டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார்.

"வேணாம் மாமா" என்றாள் மகள். "அது அங்கயே தொங்கட்டும்."